கீரிமலைக் கல்லும் குசினி மேடையும்

பெயரிலே மலை உண்டு. நிலத்திலே மலை இல்லை. கீரிமலைக்கு முதன்முறையாகச் செல்பவர் இதனைக் கண்டு சற்று வியப்படைவர். வட கடலோரத்தில் அலையைத் தாங்கி நிற்கும் பாறைக் கரையும், அதன் அருகே உவர் நீருக்குப் பக்கத்தில் நன்னீர் ஊறும் கேணியும், நகுலேசுவரப் பெருமான் திருக்கோயிலுமே அவ்வூரின் அடையாளங்கள். கீரிமுகங் கொண்ட நகுல முனிவரும், குதிரைமுகங் கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியும் இந்நீரில் ஆடி நலம் பெற்றனர் என்பது ஐதிகம். ஆடி அமாவாசை நாளில் பிதிர்க்கடன் ஆற்ற வரும் மக்கள் இன்றும் அங்கே மூழ்கி எழுகின்றனர்.

நேயர்களே, இன்றைய பேச்சு கோயிலைப் பற்றியதன்று. அக்கேணியைத் தாங்கி நிற்கும் கல்லைப் பற்றியது. அக்கல்லுக்கும் நம் வீட்டுக் குசினிக்கும் உள்ள உறவைப் பற்றியது. புதுவீடு கட்டுவோர் ஒவ்வொருவரும் ஒரு கட்டத்தில் ஒரு கேள்வியை எதிர்கொள்கின்றனர்: சமையல் மேடையின்மேல் எதனைப் பதிப்பது? சீமெந்தா, ஓடா, மரமா, கருங்கல்லா? கேள்வி சிறியதுதான். ஆயினும் அதற்கு விடை தேடப் புகுந்தால், யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலவரலாறும், நீர்வரலாறும், கைத்தொழில் வரலாறும் ஒருங்கே நம் முன் வந்து நிற்கின்றன.

குசினி என்ற சொல்லையே முதலில் எடுத்துக்கொள்வோம். 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், 1658இல் ஒல்லாந்தரிடம் அதனை இழந்தனர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளே அவர்கள் ஆண்டனர்; எனினும் அவர்கள் விட்டுச்சென்ற சொல் நம் அடுக்களைக்குள் நிலைத்துவிட்டது. சொல் மாறியதேயன்றி அடுக்களை மாறவில்லை. வீட்டினின்று சற்று விலகி, மண்சுவரும் பனையோலைக் கூரையுமாக நின்ற அந்தச் சிறு கட்டடத்தில், சாணத்தால் மெழுகிய நிலமே மேடையாக இருந்தது. நம் பாட்டிமார் நிலத்தில் அமர்ந்தே தேங்காய் துருவினர், நிலத்தில் அமர்ந்தே காய் நறுக்கினர், மா குழைத்தனர். மேடைக்கு எந்தக் கல் ஏற்றது என்ற கேள்வி அந்நாளில் எழவில்லை. ஏனெனில் மேடையே இல்லை.

ஆனால் கல் இருந்தது. அம்மியும் குளவியும், ஆட்டுக்கல்லும் இல்லாத குசினி ஏது? இங்கேதான் நாம் சற்று நின்று நோக்கவேண்டும். குடாநாடு முழுவதும் கல்லின்மேல் அமைந்த நிலம். மயோசீன் என்று புவியியலார் வழங்கும் காலத்தில், கடலுயிர்களின் ஓடுகளும் எலும்புகளும் படிந்து இறுகி உண்டான சுண்ணாம்புக்கல் அது. ஒரு முழம் மண்ணை அகற்றினாலே பல இடங்களில் அது தலைகாட்டும். காலடியில் இவ்வளவு கல் கிடக்க, மிளகாயும் சீரகமும் அரைக்கும் அம்மியை மட்டும் அக்கல்லில் எவரும் செதுக்கவில்லை. அம்மிக்குரிய கருங்கல் குடாநாட்டு நிலத்தில் இல்லை. அது குடாநாட்டுக்கு அப்பாலிருந்துதான் வந்தாக வேண்டும். வண்டிப் பாரமும் தோணிப் பாரமும் பாராது அதனை வரவழைத்த நம் முன்னோர் பேதையர் அல்லர். அவர்கள் தம் நிலத்துக் கல்லின் குணத்தை நன்கு அறிந்திருந்தனர்.

அக்குணம் யாது? வெள்ளைக்கல் ஒன்றை எடுத்து அதன்மேல் தேசிக்காய்ச் சாற்றில் இரண்டு துளி விட்டுப் பாருங்கள். நுண்ணிய குமிழிகள் எழும். கழுவித் துடைத்த பின்னும் அவ்விடம் மங்கிச் சொரசொரப்பாகவே இருக்கும். சுண்ணாம்புக்கல்லின் உடல் கல்சியம் காபனேற்று. புளிப்புள்ள எப்பொருள் பட்டாலும் அது கரிவளியை வெளியிட்டுக் கரைந்துபோகும். தேசிக்காயில் ஓர் அமிலம், புளியில் இன்னோர் அமிலம், வினாகிரியில் வேறோர் அமிலம். ஒடியற்கூழ் காய்ச்சுவதற்கும் மீன்குழம்பு வைப்பதற்கும் பழப்புளி கரைக்கும் நாட்டில், சுண்ணாம்புக்கல் மேடை எத்தனை நாளைக்குத் தன் முகத்தைக் காத்துக்கொள்ளும்?

கடினத்திலும் அது தோற்கும். 1812ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் பிரீட்ரிக் மோஸ் கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்துவரை வரிசைப்படுத்தினார். சுண்ணாம்புக்கல்லின் கனிமம் அவ்வரிசையில் 3ஆம் இடம் பெறுகிறது. நல்ல எஃகுக் கத்தி ஏறத்தாழ ஐந்தரை. கருங்கல்லில் அடங்கிய பெல்சுபார் 6, படிகக்கல் 7. ஆகவே கத்தி சுண்ணாம்புக்கல்லைக் கீறும். கருங்கல்லோ கத்தியை மழுக்கும். சலவைக்கல் எனப்படும் பளிங்கும் இதற்கு விலக்கன்று. பூமியின் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய சுண்ணாம்புக்கல்லே அது. மண்டபத்துக்கும் சிலைக்கும் அது அழகு; புளிக்கரைசல் சிந்தும் மேடைக்கு அது பகை.

எனினும், ஒருவனிடம் குற்றமாகத் தோன்றும் குணமே வேறோரிடத்தில் அவனுடைய பெருமையாகி விடுவதுண்டு. கல்லுக்கும் அப்படியே. வானிலிருந்து இறங்கும் மழைநீர், காற்றிலும் மண்ணிலுமுள்ள கரிவளியை ஏற்று மிக மென்மையான புளிப்பை அடைகிறது. அந்நீர் பாறையின் வெடிப்புகளில் இறங்கி, ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அதனைக் கரைத்துக் கரைத்து நிலத்தின் கீழே குகைகளையும் கால்வாய்களையும் அமைத்துள்ளது. புத்தூரில் உள்ள நிலாவரைக் கிணறு அவ்வாறு உண்டான ஒரு பெரும் பள்ளமே. கீரிமலைக் கேணியில் ஊறும் நன்னீரும் அத்தகைய வழிகளிலேயே கடலை நோக்கி வருகிறது. தேசிக்காய்ச் சாறு மேடையில் செய்யும் கேட்டையே மழைநீர் நிலத்தின் கீழ் நன்மையாகச் செய்திருக்கிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாட்டில், இக்கல்லே நமக்கு ஆறும் குளமும் ஆகும்.

இனி, இக்கல் குசினிக்குள் எவ்வாறு புகுந்தது என்பதைப் பார்ப்போம். கல்லாக வர இயலாத அது, நெருப்பின் வழியாக வந்தது. சுண்ணாம்புக்கல்லையும் முருகைக்கல்லையும் சிப்பியையும் சூளையில் இட்டு எரித்தால் கரிவளி நீங்கி நீறு எஞ்சும். நீரூற்றிக் குழைத்துச் சுவரில் பூசினால், அது காற்றிலுள்ள கரிவளியை மெல்ல மெல்லத் திரும்பப் பெற்று மறுபடியும் கல்லாகிறது. கல் சாம்பலாகிச் சாம்பல் கல்லாகும் இவ்வித்தையைக் கொண்டே நம் வெள்ளைச் சுவர்கள் எழுந்தன.

அடுத்த படி சீமெந்து. இங்கிலாந்தில் யோசப் அஸ்ப்டின் என்பவர் 1824ஆம் ஆண்டில் போட்லண்டுச் சீமெந்துக்கு உரிமை பெற்றார். சுண்ணாம்புக்கல்லைக் களிமண்ணுடன் சேர்த்துக் கடுந்தீயில் உருக்குமளவு வேகவைத்து அரைப்பதே அதன் அடிப்படை. நம் நாட்டில் அத்தொழிலுக்கு ஏற்ற இடமாகக் காங்கேசன்துறை தெரிந்தெடுக்கப்பட்டது. கல் அங்கேயே கிடைத்தது. களிமண் மன்னார்ப் பகுதியின் முருங்கனிலிருந்து வந்தது. 1902ஆம் ஆண்டிலேயே காங்கேசன்துறையைத் தொட்டுவிட்ட இருப்புப்பாதையும், பக்கத்தில் துறைமுகமும் இருந்தன. திரு. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில், 1950ஆம் ஆண்டில் அத்தொழிற்சாலை எழுந்தது. கீரிமலைப் பக்கத்து நிலத்தின் கல் மூடைகளில் ஏறி இலங்கையெங்கும் பரவியது.

அதே காலத்தில் சமையல் செய்வோர் நிலத்தினின்று எழுந்து நிற்கத் தொடங்கினர். இம்மாற்றத்தின் வேரை அறிய ஐரோப்பாவைச் சற்று நோக்கவேண்டும். 1926ஆம் ஆண்டில் மார்கரேத்த ஷுற்ற-லிகொற்ஸ்கி என்னும் பெண் கட்டடக் கலைஞர், செருமனியின் பிராங்பேட் நகரத்துத் தொழிலாளர் வீடுகளுக்காக ஒரு சிறு சமையலறையை வகுத்தார். ஏறத்தாழப் பத்தாயிரம் வீடுகளில் அது அமைக்கப்பட்டது. கறையும் கத்திக்கீறலும் தாங்கும் என்று மேடைக்குப் பீச் மரத்தையும், புழு அண்டாது என்று மாப்பெட்டிக்கு ஓக் மரத்தையும் அவர் தேர்ந்தார். விலையையோ பகட்டையோ அவர் முதலில் வைக்கவில்லை. அவ்விடத்தில் என்ன வேலை நடக்கிறது என்பதையே முதலில் கேட்டார். கல்லைத் தேரும் நமக்கும் அதுவே சரியான முதற்கேள்வி.

யாழ்ப்பாணத்து மேடைக்குச் சீமெந்தே முதலில் வாய்த்தது. செங்கல்லாலோ கொங்கிறீற்றாலோ மேடை கட்டி, சீமெந்து பூசி, சிவப்புச் சாயமிட்டு மெருகேற்றினர். அது மலிவானது, சுடுசட்டியைத் தாங்கக்கூடியது, ஊர் மேசனே செய்துவிடக்கூடியது. ஆயின் தாய்க்கல்லின் குணம் மகளை விட்டு நீங்கவில்லை. சீமெந்தும் சுண்ணாம்பின் வழிவந்ததே. புளிப்பு அதனையும் அரிக்கும். ஆண்டுகள் சில செல்ல, புளி கரைக்கும் மூலை குழிந்து மணல் தெரிவதைப் பழைய மேடைகளில் கண்டவர் பலர் இருப்பர். அதற்கு மருந்தாகப் பீங்கான் ஓடு பதித்தனர். ஓட்டின் கண்ணாடிப் பூச்சுப் புளிக்கு அஞ்சாது. ஆனால் ஓடுகளுக்கு இடையிலுள்ள சீமெந்துக் கோடுகள் அஞ்சும். மஞ்சளும் எண்ணெயும் அங்கேதான் குடியேறும்.

1990ஆம் ஆண்டில் போர் காங்கேசன்துறைச் சூளைகளை அணைத்தது. கீரிமலை உள்ளிட்ட வலிகாமம் வடக்கின் மக்கள் வீடுவாசல் துறந்து பெயர்ந்தனர். அவ்வூர்கள் நெடுங்காலம் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. 2009இல் போர் முடிந்தபின் நிலம் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டது. 2015இல் புகையிரதமும் காங்கேசன்துறைக்குத் திரும்பியது. திரும்பிய மக்களிற் பலர் தம் குசினியின் சுவரைக்கூடக் காணவில்லை. அவர்களுக்கு மேடைக்கல் தேர்வது ஆடம்பரமன்று. அடுப்பு மீண்டும் எரிவதற்கான முதல் ஏற்பாடு.

இன்று கடைக்குச் சென்றால் பொருள்கள் பல. அமெரிக்காவில் 1912இல் தோன்றிய போமைக்கா என்னும் அழுத்தத்தகடு மலிவானது, பல நிறத்தது. ஆனால் சுடுசட்டியை நேரே வைத்தால் வெந்துவிடும், விளிம்பில் நீர் புகுந்தால் உள்ளிருக்கும் பலகை ஊதிவிடும். கறையில்லா உருக்கு உணவுச்சாலைகளுக்கு மிக ஏற்றது. கீறல் விழுமேயன்றிக் கெடாது. கருங்கல் பலகையோ, கிருஷ்ணகிரி போன்ற தமிழ்நாட்டு மாவட்டங்களிலும் ஆந்திரத்துச் சீமகுர்த்தியிலும் வெட்டப்பட்டு உலகெங்கும் செல்கிறது. புளி, சூடு, கத்தி, நீர் என்னும் நான்கு தேர்வுகளிலும் அது நன்கு தேறுகிறது. இடையிடையே நீர்காப்புப் பூச்சுப் பூசினால் எண்ணெய்க்கறையும் ஏறாது.

படிகக்கல் தூளைப் பிசினுடன் அழுத்திச் செய்யும் செயற்கைக்கல் ஒன்றும் உண்டு. பார்வைக்கு அழகியது, கறைபடாதது. ஆனால் அதனை வெட்டும்போது எழும் நுண்தூசு தொழிலாளரின் நுரையீரலில் தங்கி மீளாநோயை விளைக்கிறது. அதனாலேயே அவுஸ்திரேலியா 2024ஆம் ஆண்டு யூலை முதலாம் நாள் தொட்டு அதற்குத் தடைவிதித்தது. கருங்கல்லிலும் படிகம் உண்டு, அளவு குறைவு. எக்கல்லாயினும் நீர் தெளித்தே அறுக்கச் சொல்லுதல் வீட்டுக்காரரின் கடமையாகும். நம் மேடை பளபளக்க இன்னொருவர் மூச்சிழத்தல் முறையன்று.

இதனைச் சொல்லும்போது வேறொரு மூச்சும் நினைவுக்கு வருகிறது; அது நிலத்தின் மூச்சு. குடாநாட்டின் கீழ் நன்னீர், உவர்நீரின்மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு அது உவரைத் தள்ளி வைக்கும் என்பது நீரியலார் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பது அடி போயிற்று. கல்லை ஆழ அகழ்ந்தால் நீரைத் தாங்கிய பாண்டமே உடைகிறது; திறந்த குழியில் நீர் வெயிலில் ஆவியாகிறது; கடல் உள்ளே எட்டிப் பார்க்கிறது. சீமெந்துக்காக அகழப்பட்ட பெருங்குழிகள் காங்கேசன்துறைப் பக்கத்தில் இன்றும் அக்கணக்கை நமக்கு நினைவூட்டி நிற்கின்றன. ஆகவே சுண்ணாம்புக்கல் அகழ்வு என்ற பேச்சு எழும்போதெல்லாம், கிணற்றடியில் நிற்பவர்கள் கவலை கொள்வதில் நியாயம் உண்டு.

அப்படியாயின் சமையல் மேடைக்கு எது சிறந்தது? நம் பாட்டிமாரின் அம்மியே விடை சொல்லிவிட்டது. புளிக்கும் இடத்துக்கும் அரைக்கும் இடத்துக்கும் கருங்கல். வசதி குறைந்தோர் சீமெந்து மேடையே கட்டி, புளி கரைக்கும் மூலையிலும் தொட்டியருகிலும் மட்டும் ஒரு கருங்கல் துண்டைப் பதித்தாலும் போதும். முழு மேடைக்கும் ஒரே பொருள்தான் வேண்டும் என்பது கடைக்காரரின் கணக்கு. குசினியின் கணக்கு அதுவன்று.

காலடியில் கிடந்த கல்லை விட்டு, தொலைவிலிருந்து அம்மியை வரவழைத்த முன்னோரின் செயலில் ஓர் ஒழுங்கு இருந்தது. கருங்கல் குசினியில் அரைத்தது. வெள்ளைக்கல் நிலத்தடியில் நீர் காத்தது. கீரிமலைக் கேணியில் மூழ்கி எழுபவர் ஒரு கை நீரை அள்ளி வாயிலிட்டுப் பார்க்கட்டும். கடலுக்கு அத்தனை அருகே நின்றும் அது கடல் நீராகாமல் ஊறி வருவது, அந்தக் கல் தன் இடத்தில் இருப்பதனாலேதான்.