பழைய சட்டமும் புதிய சட்டமும்: மலபாரிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

கொடுஞ்செயல் ஒன்று நிகழ்ந்து மக்கள் துக்கத்தில் ஆழ்ந்திருக்கும் வேளையில் இரு குரல்கள் எழுவது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. தீவிரவாதத்தை ஒடுக்கப் புதிய கடுஞ்சட்டம் வேண்டும் என்பது ஒன்று. இருக்கும் சட்டங்களை ஒழுங்காகச் செயற்படுத்தினாலே போதும் என்பது மற்றொன்று. நம்மில் பெரும்பாலோர் இரண்டாவது குரலின் பக்கமே நிற்கிறோம். அதற்குக் காரணமும் உண்டு. ஆயினும், 'இருக்கும் சட்டம்' என்று நாம் எதைக் குறிப்பிடுகிறோம் என்பதை வரலாற்றில் வைத்துப் பார்க்காமல் அந்த வாதத்தை முன்வைப்பது முறையாகாது. நேற்றுப் புதிதாக வந்து நாம் எதிர்த்த சட்டமே இன்று இருக்கும் சட்டமாகி நிற்கிறது.

இந்தக் கதை 2002இல் தொடங்கியதன்று, 1985இலும் தொடங்கியதன்று. சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டமாக இருந்த மலபாரில் அது தொடங்குகிறது என்பது நம் கருத்து.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென்மலபாரின் ஏறநாடு, வள்ளுவநாடு வட்டங்களில் மாப்பிள்ளைக் குடியானவர்கள் சிலர் நிலவுடைமையாளர்களையும் அதிகாரிகளையும் தாக்கிக் கொன்று, தாமும் மடியும் நிகழ்வுகள் அடுத்தடுத்து நேர்ந்தன. காரணம் அறிய 1852இல் டி.எல். ஸ்ட்ரேஞ்ச் என்னும் நீதிபதியைக் கும்பினி அரசு சிறப்பு ஆணையராக நியமித்தது. நிலக்குத்தகைக் கொடுமையில் காரணம் இல்லை, மதவெறியிலேயே இருக்கிறது என்று அவர் முடிவு கூறினார். மம்புறம் சையிது ஃபள்ல் தங்ஙள் அவ்வாண்டே மலபாரை விட்டு அரபு நாட்டுக்குக் கப்பலேறும்படி ஆயிற்று. (அப்பெருமகனார் பின்னாளில் ளுஃபாரின் ஆட்சியாளராக விளங்கி, இஸ்தான்புல்லில் மறைந்த வரலாறு தனியே எழுதத் தக்கது.) ஸ்ட்ரேஞ்சின் பரிந்துரைப்படி 1854இல் இரு சட்டங்கள் பிறந்தன. மாப்பிள்ளைக் கலகச் சட்டம் ஒன்று. மாப்பிள்ளைப் போர்க்கத்திச் சட்டம் மற்றொன்று. குற்றம் நிகழ்ந்த அம்சத்து மக்கள் அனைவர்மீதும் கூட்டு அபராதம் விதிக்கலாம்; குற்றவாளியின் சொத்தைப் பறிமுதல் செய்யலாம்; ஐயத்துக்குரியவரை விசாரணையின்றிக் காவலில் வைக்கலாம், நாடு கடத்தலாம். சட்டத்தின் பெயரிலேயே ஒரு சமுதாயத்தின் பெயர் இருந்ததை வாசகர் கவனிக்க வேண்டும்.

கொலைக்குத் தண்டனை விதிக்க அன்று சட்டம் இல்லாமல் இல்லை. கொலைகாரனுக்குத் தூக்கு, துணைபோனவனுக்குச் சிறை என்பன நடப்பிலேயே இருந்தன. புதிய சட்டம் தந்த அதிகாரம் குற்றவாளிக்கு மேலதாக எதையும் செய்யவில்லை. அவனைச் சூழ்ந்திருந்தவர்கள்மீதே அது பாய்ந்தது.

பலன் என்ன? 1855 தொடக்கத்துக்குள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கத்திகள் அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பர் மாதத்தில், அந்தக் கத்திகளைத் திரட்டிய மாவட்ட ஆட்சியர் கானலி கோழிக்கோட்டில் தம் இல்லத்திலேயே கொல்லப்பட்டார். கொன்றவர்கள் கோழிக்கோடு சிறையிலிருந்து தப்பியவர்கள்! சிறைக் காவலைச் சரியாகச் செய்வதற்குப் புதிய சட்டம் ஏதும் தேவைப்பட்டிருக்காது. ஆயினும் கானலியின் கொலைக்குப் பிறகும் கைவைக்கப்பட்டது கூட்டு அபராதத்தின்மீதே.

கலகங்கள் நிற்கவில்லை. 1873, 1880, 1894, 1896 என்று தொடர்ந்தன. 1881இல் மீண்டும் ஓர் ஆணையம். இம்முறை வில்லியம் லோகன். குடியானவர்களின் முறையீடுகளைக் கேட்டு, பதிவேடுகளைப் புரட்டிய அவர், ஜன்மிகளை நிலத்தின் முழு உரிமையாளர்களாக ஆங்கிலேய நீதிமன்றங்கள் தவறாகக் கருதியதே குழப்பத்தின் வேர் என்று காட்டினார். குத்தகையாளர் செய்த மேம்பாடுகளுக்கு இழப்பீடு தரும் சட்டம் 1887இல் வந்தது. உருப்படியான குத்தகைப் பாதுகாப்பு 1930இல்தான் கிட்டியது. அதாவது, அடக்குமுறைச் சட்டம் ஈராண்டில் வந்துவிட்டது. நீதிச் சட்டம் வரப் பல தலைமுறைகள் ஆயின. இடையில் 1921 நிகழ்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 20ஆம் நாள் ஆட்சியர் தாமஸ் படையுடன் திரூரங்காடியில் நுழைந்தது அந்தப் பழைய மாப்பிள்ளைச் சட்டங்களைச் செயற்படுத்தத்தான். மம்புறம் பள்ளிவாசல் இடிக்கப்பட்டது என்ற பொய்ச்செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. அதன்பின் நேர்ந்தவற்றை வாசகர் அறிவர். நவம்பரில் திரூரில் அடைத்து மூடப்பட்ட சரக்குப் பெட்டியைப் போத்தனூரில் திறந்தபோது, உள்ளே இருந்த சுமார் நூறு கைதிகளில் மூச்சுத்திணறி மாண்டோர் ஏறத்தாழ எழுபதுபேர்.

அறுபத்தேழு ஆண்டுகள் பழமையான சட்டத்தின் 'செயலாக்கம்' அன்று அப்படித்தான் இருந்தது.

இங்கே நம் மரபிலுள்ள முன்மாதிரி ஒன்றை நினைவுகூர வேண்டியிருக்கிறது. இஸ்லாமிய வரலாற்றில் தீவிரவாதம் என்னும் சிக்கலை முதன்முதலில் ஓர் ஆட்சியாளராக எதிர்கொண்டவர் அலீ (ரலி) அவர்கள். காரிஜிய்யாக்கள் கூஃபா பள்ளிவாசலிலேயே எழுந்து நின்று கலீஃபாவைக் குறுக்கிட்டு முழக்கமிட்டனர். அவரைக் காஃபிர் என்றும் கூறினர். அதற்கு அலீ (ரலி) அளித்த மறுமொழி, அம்மக்களுக்கு மூன்று உரிமைகளை உறுதிசெய்வதாக அமைந்தது: இறையில்லங்களில் தொழ அவர்களைத் தடுப்பதில்லை; தம்முடன் இருக்கும்வரை பொதுநிதியில் அவர்களுக்குரிய பங்கை நிறுத்துவதில்லை; அவர்களாகப் போரைத் தொடங்காதவரை அவர்களோடு போரிடுவதில்லை. பின்னர் அவர்கள் அப்துல்லாஹ் இப்னு கப்பாபையும் கருவுற்றிருந்த அவர் மனைவியையும் கொன்றபோதும், அலீ (ரலி) முதலில் கேட்டது கொலையாளிகளை ஒப்படைக்கும்படியே. நாங்கள் அனைவரும்தான் கொன்றோம் என்று அவர்கள் மறுத்த பிறகே நஹ்ரவான் போர் மூண்டது.

ஹிஜ்ரி 40இல் இப்னு முல்ஜமின் வாளால் வெட்டுண்டு கிடந்தபோதும் அவ்வழி மாறவில்லை. கைதிக்கு உணவளித்து நன்கு நடத்துமாறும், தாம் இறந்தால் அவன் ஒருவனுக்கு மட்டுமே பழிக்குப்பழி என்றும், அங்கச்சேதம் கூடாதென்றும், தம்மை முன்னிட்டு வேறெவர் இரத்தமும் சிந்தப்படலாகாதென்றும் தம் மக்களுக்கு அறிவுறுத்தினார்கள். ஆட்சித் தலைவர் கொல்லப்பட்ட வழக்கில், இருக்கும் சட்டத்தையே ஒரே ஒரு குற்றவாளிமீது செலுத்தச் சொன்ன நிகழ்ச்சி இது. கிளர்ச்சியாளர் பற்றிய ஃபிக்ஹு விதிகளை இமாம் ஷாஃபிஈ (ரஹ்) உள்ளிட்டோர் அலீ (ரலி) அவர்களின் இந்நடைமுறைகளைக் கொண்டே வகுத்தனர். கருத்துக்காக அன்று, செயலுக்காகவே ஒருவன் பிடிக்கப்படுவான் என்பது அவற்றின் சாரம்.

இந்த அளவுகோலோடு நம் காலத்துக்கு வருவோம். 1985இல் வந்த தடா, ஈராண்டுக்கொரு முறை நீட்டிக்கப்பட்டு 1995 மே மாதம் காலாவதியாயிற்று. அதற்குள் கைதானோர் 76,000க்கும் மேல். தண்டனை பெற்றோர் மிகச் சொற்பம். காவல்துறைக் கண்காணிப்பாளர் முன் அளிக்கும் வாக்குமூலம் சாட்சியமாகும் என்பது அதன் முக்கிய விதி. ராஜீவ் கொலை வழக்கில் 1998இல் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம், இது தடாவின்கீழ் வரும் பயங்கரவாதக் குற்றமே அன்று என்று கூறி, 19 பேரை அத்தண்டனையிலிருந்து விடுவித்தது. வியப்பு யாதெனில், தடாக் குற்றம் நில்லாதபோதும் தடா வாக்குமூலங்கள் மட்டும் செல்லுபடியாயின.

2002இல் பொடா வந்தது. அதை ஆதரித்த ஆளும் கூட்டணியில் அங்கம் வகித்த வைகோ அவர்களே அவ்வாண்டு ஜூலையில் அதன்கீழ் கைதாகி, ஒரு மேடைப் பேச்சுக்காக 19 மாதங்கள் வேலூர்ச் சிறையில் இருந்தார். அக்ஷர்தாம் தாக்குதல் வழக்கில் பொடா நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்ட ஆறு பேரையும் 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் நிரபராதிகள் என்று விடுவித்தது. வழக்குத் தொடர அனுமதித்த கையொப்பம்கூடச் சிந்தித்து இடப்பட்டதன்று என்று கண்டித்தது.

இவற்றுக்கு இடையில் தடாவும் இல்லாத, பொடாவும் இல்லாத ஏழாண்டு இடைவெளி ஒன்று இருந்தது. அந்த இடைவெளியில்தான் கோவை நிகழ்ந்தது. 1997 நவம்பரில் காவலர் ஒருவர் கொலை. தொடர்ந்து 18 முஸ்லிம்களின் உயிர்ப்பலி. 1998 பிப்ரவரி 14இல் தொடர் குண்டுவெடிப்பு, 58 உயிர்கள். இந்தக் குண்டுவெடிப்பு வழக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தையும் 1908ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தையும் போன்ற பழைய சட்டங்களைக் கொண்டே நடந்தது. 2007இல் 158 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. மேல்முறையீட்டில் சிலர் விடுதலையாயினர். சிறப்புச் சட்டம் இல்லாவிட்டால் தண்டனை கிட்டாது என்பார்க்கு இதைக் காட்டிலும் வேறு மறுப்பு வேண்டியதில்லை. ஆனால் நம் தரப்பு வாதத்துக்கும் இதில் ஒரு முள் இருக்கிறது. அதே தீர்ப்பில் குற்றமற்றவர் எனப்பட்ட அப்துந் நாசர் மஅதனி, ஒன்பதாண்டுக்காலத்தைப் பிணையின்றி அந்தச் சாதாரணச் சட்டங்களின் கீழேயே சிறையில் கழித்திருந்தார். பழைய சட்டமென்பதாலேயே அது நீதியான சட்டமாகிவிடாது. காலந்தாழ்த்தாத விசாரணை இல்லையேல் இரண்டும் ஒன்றே.

2004இல் பொடா நீக்கப்பட்டபோது நாம் மகிழ்ந்தோம். அதன் பயங்கரவாத விதிகள் பலவும் அன்றே 1967ஆம் ஆண்டின் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தினுள் இடம்பெயர்ந்ததை நம்மில் கவனித்தோர் சிலரே. காவல்துறை வாக்குமூல விதி கைவிடப்பட்டது உண்மை. ஆனால் தடாவுக்கும் பொடாவுக்கும் காலவரம்பு இருந்தது. நாடாளுமன்றம் அவ்வப்போது மறுஆய்வு செய்தாக வேண்டும். 'உபா'வுக்கு அந்த வரம்பும் இல்லை. மும்பைத் தாக்குதலுக்குப்பின் 2008 டிசம்பரில் 180 நாள் காவலும் பிணைத் தடையும் சேர்ந்தன. 2019இல் தனிமனிதரையே பயங்கரவாதி என அறிவிக்கும் அதிகாரமும் சேர்ந்தது. 2016 முதல் 2019 வரை அதன்கீழ் கைதானோர் 5,922. அதே காலத்தில் தண்டிக்கப்பட்டோர் 132. அவர்களும் இவர்களும் ஒரே வழக்குகளைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்பதை ஏற்றாலும் இடைவெளி பெரிது. விசாரணை நீண்டுகொண்டே போனால் பிணை தரலாம் என்று 2021இல் நஜீப் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது ஓர் ஆறுதல்.

பாதிக்கப்பட்டோருக்கேனும் நீதி கிட்டிற்றா? 2006 ஜூலையில் மும்பை ரயில்களில் 180க்கும் மேற்பட்டோர் மாண்ட வழக்கில், மகாராஷ்டிரத்தின் சிறப்புச் சட்டப்படி தண்டிக்கப்பட்ட பன்னிருவரையும் 2025 ஜூலை 21இல் மும்பை உயர் நீதிமன்றம் விடுவித்தது. (இத்தீர்ப்பைப் பிற வழக்குகளுக்கு முன்மாதிரியாகக் கொள்ளலாகாதென உச்ச நீதிமன்றம் பின்னர் நிறுத்திவைத்தது.) பத்து நாள் கழித்து, ஆறு முஸ்லிம்கள் பலியான 2008 மாலேகான் வழக்கில் ஏழு பேரும் சான்றுகள் போதா என்று விடுவிக்கப்பட்டனர். இரு வழக்குகளிலும் கடுஞ்சட்டத்துக்குக் குறைவில்லை. குண்டு வைத்தவர் யார் என்ற கேள்வி மட்டும் இரு ஊர்களிலும் நிற்கிறது. அதற்கு விடை தரவேண்டியது துப்புத்துலக்குவோரின் உழைப்பு. அதைச் சட்டப்பிரிவு எதுவும் செய்து தராது.

2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 113ஆம் பிரிவு, பயங்கரவாதச் செயலைப் பொதுத் தண்டனைச் சட்டத்துக்குள்ளேயே கொணர்ந்துவிட்டது. வரையறை ஏறத்தாழ உபாவினுடையதே. ஒரே செயலுக்கு இவ்வாறு இரு சட்டங்கள் அருகருகே இருக்கின்றன. வழக்கை எதன்கீழ் பதிவது என்பதைக் காவல்துறைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி முடிவுசெய்வார் என்று அப்பிரிவின் விளக்கம் கூறுகிறது.