வள்ளலாரின் தாள்கள்: கருங்குழிக் கடிதங்கள் முதல் காலமுறைப் பதிப்பு வரை

கவிஞரின் ஏடு அழிந்த கதை கடலூர் மாவட்டத்துக்குப் புதிதன்று. பண்ருட்டிக்கு அருகே திருவாமூரில் பிறந்து, திருவதிகையில் முதற்பதிகம் பாடியவர் அப்பர். அவரும் மற்ற இருவரும் பாடிய தேவாரத்தில் பெரும்பகுதி செல்லரித்துப் போனது என்கிறது திருமுறை கண்ட புராணம். தில்லைக் கோயிலில் பூட்டி வைத்திருந்த ஏடுகளுக்கே அந்தக் கதி.

நெய்வேலியை அடுத்த வடலூரில் தருமசாலை கண்ட இராமலிங்க வள்ளலாரின் (1823–1874) தாள்கள் வேறு வகையில் பிழைத்தன. 1858-இல் அவர் சென்னையை விட்டு வந்து கருங்குழியில் தங்கியதே இதற்குக் காரணம் என்பேன். சென்னையிலிருந்த அன்பர் இறுக்கம் இரத்தின முதலியாரோடு நேரில் பேசித் தீர்ந்திருக்கக்கூடியவை அதன்பின் கடிதங்களாயின. பாடல்களைத் தொகுத்து அச்சிட இசைவு கிடைக்கும்வரை ஒருவேளைதான் உண்பேன் என்று முதலியார் உறுதி பூண்டதும், வள்ளலார் மனமிரங்கியதும் 1860-ஆம் ஆண்டுக் கடிதப் போக்குவரத்தால் தெரிகின்றன. தம்மை ‘இராமலிங்கசாமி’ என வழங்குவது ஆரவாரமாகத் தோன்றுகிறது, அதில் தமக்குச் சம்மதமில்லை என்று அவர் எழுதியதும் முதலியாருக்குத்தான். பெற்றவர் கடிதங்களைப் பத்திரப்படுத்தாமல் பாடல்களை மட்டும் காத்திருந்தால், இந்தக் கூச்சம் நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

அப்பாடல்களின் தொகுப்பான திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகளைத் தொழுவூர் வேலாயுத முதலியார் 1867-இல் வெளியிட்டார். ஐந்தாம் திருமுறை 1880-இலும் ஆறாவது 1885-இலும் வந்தன. திருமுறைப் பகுப்பு வேலாயுத முதலியார் வகுத்தது. வள்ளலார் பாடிய வரிசை அன்று. அச்சு பாடல்களைக் காப்பாற்றியது, ஆனால் அவை பிறந்த முறையை மறைத்தும்விட்டது. 1931 முதல் 1958 வரை பன்னிரண்டு புத்தகங்களாகப் பதிப்பித்த ஆ. பாலகிருஷ்ண பிள்ளை கையெழுத்து மூலங்களைத் தேடிப் பிடித்து ஒப்பிட்டார், கடிதங்களையும் சேர்த்தார். அந்த உழைப்பு இல்லாமல் 1972-இல் ஊரன் அடிகள் காலமுறைப் பதிப்பைக் கொண்டுவந்திருக்க முடியுமா என்பது ஐயமே. 1596 அடிகள் கொண்ட அருட்பெருஞ்ஜோதி அகவல் 1872 ஏப்ரல் 18-இல் எழுதப்பட்டது என்று நாளைச் சுட்டிச் சொல்ல முடிகிறது. எல்லாப் பாடல்களுக்கும் அந்தப் பேறு வாய்க்கவில்லை.

ஒரு கவிஞரின் தாள்களை எப்படிக் காக்கலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில் 1962-இல் உ.வே.சா.வின் குறுந்தொகைப் பதிப்பைக் கண்டெடுத்தார் கவிஞர் ஏ.கே. ராமானுஜன். 1993-இல் அவர் மறைந்தபின் அவருடைய நாட்குறிப்புகளும் கவிதை வரைவுகளும் அதே பல்கலைக்கழக நூலகத்தைச் சேர்ந்தன. பெட்டிவாரியாக விவரப்பட்டியல் இருப்பதால், ஒரு கவிதையின் அடித்தல் திருத்தல்களை வரைவுக்கு வரைவு ஆய்வாளர் தொடர முடிகிறது. வள்ளலாரை ஆராய்பவருக்கும் அந்த வசதி வேண்டும்.

இதற்குப் பொருத்தமான இடம் சிதம்பரத்திலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழக நூலகம். ஔவை துரைசாமிப் பிள்ளையின் உரையோடு திருவருட்பாவை வெளியிட்ட பல்கலைக்கழகம் அது. கையெழுத்து மூலங்களை, அவற்றை வைத்து வழிபடும் இடங்களிலிருந்து பெயர்க்க வேண்டியதில்லை. நிழற்படப் படிகளும் ஒரே பட்டியலும் நூலகத்தில் இருந்தால் போதும். அந்தப் பட்டியல் வள்ளலார் கைப்பட எழுதியதையும் அன்பர்கள் படியெடுத்ததையும் பிரித்துக் காட்ட வேண்டும். ஒவ்வொரு தாளும் யாரிடமிருந்து யார் கைக்கு வந்தது என்பதையும் குறிக்க வேண்டும்.