மாட்டுக் கொட்டகைக்கு எல்.இ.டி. விளக்கு: பார்த்து வாங்க வேண்டியவை

விடியற்காலை 4 மணிக்குப் பால் கறக்கப் போகும்போது, மூலையில் கிடப்பது கயிறா பாம்பா என்று தெரிய வேண்டும். 60 வாட்ஸ் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட்ஸ் எல்.இ.டி. பல்பே தந்துவிடும். தினமும் 5 மணி நேரம் எரிந்தால் குண்டு பல்புக்கு மாதம் 9 யூனிட் ஆகும்; எல்.இ.டி.க்கு ஒன்றரை யூனிட்கூட ஆகாது.

கடையில் வாட்ஸை மட்டும் கேட்காதீர்கள். வெளிச்சத்தின் அளவு லூமென். அது அட்டைப்பெட்டியிலேயே இருக்கும். பத்துக்கு இருபது அடிக் கொட்டகைக்கு 2,000 லூமென் தரும் 20 வாட்ஸ் எல்.இ.டி. டியூப் லைட் ஒன்று போதும். வெள்ளை ஒளியாக (6,500 கெல்வின்) வாங்கினால் மடி வீக்கமும் பாலில் வரும் திரியும் நன்றாகத் தெரியும்.

வீட்டில் வருடக்கணக்கில் எரியும் பல்பு கொட்டகையில் சீக்கிரம் போய்விடுகிறதே என்று பலரும் கேட்கிறார்கள். ஈரம், தூசி, கோமியத்திலிருந்து எழும் அமோனியா ஆகியவை உள்ளே புகுந்து அரிப்பதே பெரும்பாலும் காரணம். 'ஐ.பி.65' என்று குறிப்பிட்ட, முழுக்க மூடிய விளக்கு கொஞ்சம் விலை கூடுதல்தான். ஆனாலும் கழுவும் தண்ணீர் தெறிக்கும் இடத்துக்கு அதுதான் சரி. கிராமத்து மின்சாரம் ஏறி இறங்கும் என்பதால், தாங்கும் வோல்டேஜ் அளவையும் பெட்டியில் பாருங்கள்.

ஒயரை இரும்புத் தூணில் சுற்றிக் கட்டாதீர்கள். ஒயர் உரிந்தால், அந்தத் தூணில் கட்டிய மாட்டுக்கும் அதை அவிழ்க்கப் போகிறவருக்கும் உயிராபத்து. பி.வி.சி. குழாய்க்குள் ஒயரை விட்டு, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை எலக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்துங்கள். விளக்கு கொம்புக்கு எட்டாத உயரத்தில், கறப்பவரின் நிழல் மடியில் விழாத பக்கம் இருக்கட்டும்.