ஆறில்லாக் குடாநாடு

ஈழத்தின் பேராறுகள் பலவும் நடுமலைநாட்டிற் பிறந்து கடலை நோக்கி ஓடுவன. 335 கிலோமீற்றர் நீளமுடைய மகாவலி கங்கை அவற்றுள் முதன்மையானது. அநுராதபுரத்து மன்னரும் பொலநறுவை மன்னரும் ஆற்றை மறித்தும் மழையைத் தேக்கியும் குளங்கட்டி நெல் விளைவித்தனர். இத்தீவின் வரலாற்றைச் சொல்லப் புகுவோர் பலர் அக்குளக்கரைகளைத் தாண்டி வடக்கே வருவதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மலைநாட்டு ஆறு எதுவும் வந்து சேர்வதில்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றை ஆறென்பது ஊரார் அதன்பால் வைத்த அன்பினாலேயே எனலாம். அங்ஙனமாயின் மக்கள் இங்கே இத்துணை நெருங்கி வாழ்ந்தது எவ்வாறு?

விடை சுன்னாகத்துச் செம்மண்ணின் அடியில் இருக்கிறது. அங்குள்ளது ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன் கடலடியில் உருவான சுண்ணாம்புக்கற் பாறை. ஐப்பசி, கார்த்திகை மழை அதன் வெடிப்புகளினூடே இறங்கி, உள்ளே ஊடுருவி நிற்கும் உவர்நீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் இலேசானது, கடல்நீர் கனமானது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி நன்னீர் உண்டென்பது அறிஞர் கணக்கு. மேலே ஓரடி குறையுமாயின், கீழிருந்து உவர் நாற்பதடி ஏறிவரும் என்பதும் அதே கணக்கேயாகும். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனிதரின் களைப்பே நீருக்குக் காவலாயிருந்தது. நீரிறைக்கும் இயந்திரத்துக்குக் களைப்பேது?

சுன்னாகத்தை அடுத்துள்ள கந்தரோடையில், 1917ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் போல் பீரிஸ் ஆராய்ந்தபோது, முத்திரை குத்திய பழங்காசுகளும் உரோம நாணயங்களும் கிடைத்தன. 1970இல் பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, தென்னிந்தியப் பெருங்கற்காலத்தை நினைவூட்டும் கறுப்பு சிவப்பு மட்கலங்கள் வெளிப்பட்டன. கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளிலேயே அங்கு குடியிருப்பும் கடல்கடந்த வாணிகமும் இருந்தன என்பதற்கு இவை சான்றாகும். கடற்கரையை விட்டு உள்நிலத்தில் அவ்வூர் எழுந்ததற்கு நன்னீரும் நன்னிலமுமே காரணமாதல் கூடும். அம்மக்கள் எழுதிவைத்த நூலெதுவும் நம் கைக்கு வரவில்லை. மண்ணிற் கிடந்தவையே பேசுகின்றன.

அந்நீருக்கு நம் காலத்தில் வந்த கேடு உவரினால் மட்டுமன்று. 2015ஐ ஒட்டிய ஆண்டுகளில், சுன்னாகத்து மின்னிலையச் சூழலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பது பெரும் வழக்காயிற்று. வெடிப்புகள் நிறைந்த பாறை மழையை எவ்வாறு தடுக்கவில்லையோ, அவ்வாறே கழிவெண்ணெயையும் தடுக்கவில்லை. தம் முற்றத்துக் கிணற்றை விட்டு, பவுசர் வண்டிகள் கொண்டுவந்த நீரை மக்கள் பருகவேண்டியதாயிற்று. 2019 ஏப்ரலில் நாட்டின் உயர் நீதிமன்றம் மின்னுற்பத்தி நிறுவனமொன்றைப் பொறுப்பாக்கி, அவ்வூர் மக்களின் இழப்புக்கும் கிணறுகளைத் துப்புரவு செய்வதற்குமாக 2 கோடி ரூபா செலுத்துமாறு கட்டளையிட்டது.