பட்ஜெட் வாக்கெடுப்பு ஆட்சியின் பலப்பரீட்சையாவது எப்படி? உத்தரகண்ட், இமாசல் தரும் பாடங்கள்

மாநில அரசின் பட்ஜெட்டுக்குச் சட்டப்பேரவை ஒப்புதல் அளிப்பது பெரும்பாலும் ஒரு சம்பிரதாயமாகவே முடிந்துவிடுகிறது. ஆனால், ஆளுங்கட்சிக்குள் பிளவு ஏற்படும்போது அதே வாக்கெடுப்பு அரசின் ஆயுளைத் தீர்மானிக்கும் களமாக மாறிவிடுகிறது. உத்தரகண்டில் 2016-ஆம் ஆண்டிலும், இமாசலப் பிரதேசத்தில் 2024-ஆம் ஆண்டிலும் இதுவே நிகழ்ந்தது. இரு மாநிலங்களிலும் ஆளுங்கட்சியாக காங்கிரஸும் எதிர்க்கட்சியாக பாஜகவும் இருந்தன. வாக்குகள் எந்த முறையில், எந்த நாளில், யார் அவையில் இருக்கும்போது எண்ணப்படும் என்பதைச் சுற்றியே இரு தரப்பின் வியூகங்களும் அமைந்தன.

சட்டம் சொல்வது என்ன?

அரசமைப்புச் சட்டத்தின் 202-ஆவது பிரிவின்படி, ஆண்டு நிதிநிலை அறிக்கையை மாநில அரசு பேரவையில் தாக்கல் செய்ய வேண்டும். மானியக் கோரிக்கைகள் 203-ஆவது பிரிவின்கீழ் வாக்கெடுப்புக்கு விடப்படுகின்றன. அதன்பின், 204-ஆவது பிரிவின்கீழ் நிதி ஒதுக்கீட்டு மசோதா நிறைவேற்றப்பட வேண்டும். இம்மசோதா சட்டமாகாமல் மாநிலத்தின் தொகுப்பு நிதியிலிருந்து பணம் எடுக்க இயலாது. நிதியாண்டு மார்ச் 31-ஆம் தேதியுடன் முடிவதால், அதற்குள் முழு பட்ஜெட்டுக்கோ, 206-ஆவது பிரிவின்கீழ் இடைக்கால மானியத்துக்கோ பேரவையின் ஒப்புதலைப் பெறுவது கட்டாயமாகிறது.

பட்ஜெட் தோற்கடிக்கப்பட்டால் அமைச்சரவை பதவி விலக வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தில் நேரடியாகக் கூறப்படவில்லை. எனினும், அமைச்சரவை பேரவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்கிறது 164-ஆவது பிரிவு. செலவுக்குப் பணம் பெற இயலாத அரசு, அவையின் நம்பிக்கையை இழந்த அரசாகவே கருதப்படுகிறது. இதனால், தனியாக நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவராமலேயே ஆட்சியை வீழ்த்தும் வாய்ப்பு எதிர்க்கட்சிக்குக் கிடைக்கிறது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அதிபரின் பதவிக்காலம் நிலையானது என்பதால், நிதி மசோதா முடங்கினால் அரசு கவிழ்வதில்லை. அரசு அலுவலகங்களே மூடப்படுகின்றன. 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி தொடங்கிய முடக்கம் 43 நாள்கள் நீடித்தது. இந்தியாவில் அலுவலகங்கள் மூடப்படுவதில்லை, ஆட்சியே கேள்விக்குறியாகிறது.

குரல் வாக்கெடுப்பும் எண்ணிக்கையும்

சட்டப்பேரவைகளில் மசோதாக்கள் பொதுவாகக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றப்படுகின்றன. ‘ஆம்’ என்போர், ‘இல்லை’ என்போர் குரல்களைக் கேட்டு முடிவை அறிவிப்பவர் பேரவைத் தலைவர். அதை உறுப்பினர்கள் ஏற்க மறுத்தால், வாக்குகளை எண்ணிக் கணிக்கும் ‘டிவிஷன்’ முறையைக் கோரலாம். ஆளுங்கட்சிக்குத் தெளிவான பெரும்பான்மை இருக்கும்வரை இந்த இரு முறைகளுக்கும் இடையே நடைமுறையில் வேறுபாடு எதுவும் இல்லை. பெரும்பான்மை ஐயத்துக்குரியதாகும் நாளில், எண்ணிக்கையைக் கோருவது எதிர்க்கட்சியின் முதல் உத்தியாகவும், அதைத் தவிர்ப்பது ஆளுங்கட்சியின் முதல் உத்தியாகவும் மாறுகின்றன.

உத்தரகண்ட், 2016

எழுபது உறுப்பினர்களைக் கொண்ட உத்தரகண்ட் பேரவையில் முதல்வர் ஹரீஷ் ராவத் தலைமையில் காங்கிரஸ் ஆட்சி நடைபெற்று வந்தது. 2016 மார்ச் 18-ஆம் தேதி நிதி ஒதுக்கீட்டு மசோதா வாக்கெடுப்புக்கு வந்தபோது, முன்னாள் முதல்வர் விஜய் பகுகுணா, அமைச்சர் ஹரக் சிங் ராவத் உள்ளிட்ட 9 காங்கிரஸ் உறுப்பினர்கள் பாஜகவுடன் கைகோத்து, வாக்குகளை எண்ண வேண்டும் என்று கோரினர். பேரவைத் தலைவர் கோவிந்த் சிங் குஞ்ச்வால், மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியதாக அறிவித்தார்.

பெரும்பான்மை உறுப்பினர்கள் எதிர்த்த மசோதா தோற்றுவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்று பாஜக வாதிட்டது. மார்ச் 28-ஆம் தேதி பேரவையில் பெரும்பான்மையை நிரூபிக்குமாறு முதல்வரிடம் ஆளுநர் கே.கே. பால் கூறியிருந்தார். அதற்கு ஒரு நாள் முன்பாக, மார்ச் 27-ஆம் தேதி மாநிலத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி அமல்படுத்தப்பட்டது. அதே நாளில், கிளர்ச்சி செய்த 9 பேரையும் பேரவைத் தலைவர் தகுதிநீக்கம் செய்தார்.

நிதியாண்டு முடிய நான்கு நாள்களே இருந்த நிலையில், மாநிலத்தின் அன்றாடச் செலவுகளுக்கு வழி காண வேண்டியிருந்தது. மார்ச் 31-ஆம் தேதி, உத்தரகண்டின் செலவினங்களுக்கான இடைக்கால நிதி ஒதுக்கீட்டு அவசரச் சட்டத்தைக் குடியரசுத் தலைவர் பிறப்பித்தார். மாநிலப் பேரவை முடிவு செய்ய வேண்டிய செலவு, தில்லியில் முடிவு செய்யப்பட்டது.

குடியரசுத் தலைவர் ஆட்சியை நைனிடால் உயர் நீதிமன்றம் ஏப்ரல் 21-ஆம் தேதி ரத்து செய்தது. மறுநாளே அந்தத் தீர்ப்புக்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இறுதியில், உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் மே 10-ஆம் தேதி பேரவையில் பலப்பரீட்சை நடைபெற்றது. ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் தனித்தனியே எண்ணப்பட்டனர். மார்ச் 18-ஆம் தேதி எதிர்க்கட்சி கோரிய எண்ணிக்கை இதுவே. ஆனால், தகுதிநீக்கம் செய்யப்பட்ட 9 பேரும் இதில் வாக்களிக்க இயலவில்லை. 33-க்கு 28 என்ற கணக்கில் ராவத் வென்று மீண்டும் முதல்வரானார்.

இமாசல், 2024

அறுபத்தெட்டு உறுப்பினர்களைக் கொண்ட இமாசலப் பேரவையில் காங்கிரஸுக்கு 40, பாஜகவுக்கு 25 இடங்கள் இருந்தன. சுயேச்சைகள் 3 பேர். 2024 பிப்ரவரி 27-ஆம் தேதி நடைபெற்ற மாநிலங்களவைத் தேர்தலில் காங்கிரஸ் உறுப்பினர்கள் 6 பேரும், சுயேச்சைகள் மூவரும் பாஜக வேட்பாளர் ஹர்ஷ் மகாஜனுக்கு வாக்களித்தனர். அவரும் காங்கிரஸ் வேட்பாளர் அபிஷேக் மனு சிங்வியும் தலா 34 வாக்குகள் பெற, குலுக்கலில் மகாஜன் வெற்றி பெற்றார்.

முதல்வர் சுக்விந்தர் சிங் சுக்கு தாக்கல் செய்திருந்த ரூ.58,444 கோடி மதிப்பிலான பட்ஜெட் அப்போது பேரவையின் ஒப்புதலுக்குக் காத்திருந்தது. பேரவைத் தலைவர் வாக்குகள் சமமாகும்போது மட்டுமே வாக்களிக்க முடியும். முந்தைய நாளின் அணிச்சேர்க்கை அப்படியே தொடர்ந்திருந்தால், பட்ஜெட்டுக்கு ஆதரவாக 33 வாக்குகளும் எதிராக 34 வாக்குகளும் விழுந்திருக்கும்.

பிப்ரவரி 28-ஆம் தேதி காலை, எதிர்க்கட்சித் தலைவர் ஜெய்ராம் தாக்குர் ஆளுநர் சிவ் பிரதாப் சுக்லாவைச் சந்தித்து, பட்ஜெட் மீது எண்ணிக் கணிக்கும் முறையில் வாக்கெடுப்பு நடத்தப்பட வேண்டும் என வலியுறுத்தினார். அன்றே, அவையின் ஒழுங்கைக் குலைத்ததாகக் கூறி தாக்குர் உள்பட பாஜகவின் 15 உறுப்பினர்களைப் பேரவைத் தலைவர் குல்தீப் சிங் பதானியா இடைநீக்கம் செய்தார். பட்ஜெட் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. திட்டமிட்டதற்கு ஒரு நாள் முன்னதாகவே பேரவை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது.

கொறடா உத்தரவு என்னும் ஆயுதம்

மாநிலங்களவைத் தேர்தலில் கட்சி மாறி வாக்களிப்பது, கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்கீழ் பதவியைப் பறிக்கும் குற்றமாகாது. 2006-ஆம் ஆண்டு குல்தீப் நய்யார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியுள்ளது. எனவே, பிப்ரவரி 27-ஆம் தேதி அளித்த வாக்குக்காக அந்த 6 பேர் மீது நடவடிக்கை எடுக்க காங்கிரஸால் இயலவில்லை.

பட்ஜெட் அந்த வழியைத் திறந்தது. அவைக்கு வந்து பட்ஜெட்டுக்கு ஆதரவாக வாக்களிக்க வேண்டும் என்று காங்கிரஸ் கொறடா உத்தரவு பிறப்பித்திருந்தது. அதை மீறியதாகக் கூறி, பத்தாவது அட்டவணையின்கீழ் 6 பேரையும் பேரவைத் தலைவர் பிப்ரவரி 29-ஆம் தேதி தகுதிநீக்கம் செய்தார். பேரவையின் பலம் 62-ஆகவும், பெரும்பான்மைக்குத் தேவையான எண்ணிக்கை 32-ஆகவும் குறைந்தன. 34 உறுப்பினர்களுடன் காங்கிரஸ் ஆட்சி தப்பியது.

அரசைக் காப்பாற்றும் கேடயமாகவும், கிளர்ச்சியாளர்களை வெளியேற்றும் வாளாகவும் ஒரே வாக்கெடுப்பு பயன்பட்டது. இரு மாநிலங்களிலும் எதிர்க்கட்சியின் கணக்கு கிளர்ச்சியாளர்களின் வாக்குகளை நம்பியிருந்தது. அந்த வாக்குகள் எண்ணப்படும் முன்பே தகுதிநீக்கம் முந்திக்கொண்டது. இரண்டிலும் முடிவெடுக்கும் அதிகாரம், ஆளுங்கட்சியின் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்ட பேரவைத் தலைவரின் கைகளிலேயே இருந்தது.

மக்கள் அளித்த தீர்ப்பு

பேரவையில் கிடைத்த வெற்றி தேர்தலிலும் தொடரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. உத்தரகண்டில் 2017-ஆம் ஆண்டு நடைபெற்ற தேர்தலில் பாஜக 57 இடங்களைக் கைப்பற்றியது. காங்கிரஸ் 11 இடங்களுக்குச் சுருங்கியது. முதல்வர் ராவத் போட்டியிட்ட இரு தொகுதிகளிலும் தோல்வியுற்றார். இமாசலில் தகுதிநீக்கம் செய்யப்பட்ட 6 பேரும் பாஜக வேட்பாளர்களாக இடைத்தேர்தலைச் சந்தித்தனர். அவற்றில் 4 தொகுதிகளை காங்கிரஸ் வென்றது.

விவாதமின்றி நிறைவேறிய பட்ஜெட்

இத்தகைய மோதல்களில் கட்சிகள் ஒருமித்துச் செயல்பட்ட முன்னுதாரணமும் உண்டு. 1999 ஏப்ரல் 17-ஆம் தேதி வாஜ்பாய் அரசு மக்களவையில் ஒரே ஒரு வாக்கில் தோற்றது. பட்ஜெட் அப்போது நிறைவேறியிருக்கவில்லை. அவை கலைக்கப்படும் முன்பு, அரசு இயந்திரம் நிற்காதிருக்க, கட்சிகள் இணைந்து பட்ஜெட்டை விவாதமின்றி நிறைவேற்றின.

இந்த மூன்று நிகழ்வுகளிலும் அரசு ஊழியர்களின் ஊதியமோ ஓய்வூதியமோ நின்றுவிடாமல் ஏதேனும் ஒரு வழி காணப்பட்டது. ஆனால், எந்தத் துறைக்கு எவ்வளவு, ஏன் என்று மக்கள் பிரதிநிதிகள் கேள்வி எழுப்பி முடிவெடுக்க வேண்டிய வாக்கெடுப்பு, உத்தரகண்டிலும் இமாசலிலும் ஆட்சியைத் தக்கவைக்கும் போட்டியாகச் சுருங்கியது.