அம்பு பட்ட யானை இந்தப் பக்கம் வந்ததா?

மலர்க் குழுவினர் என்னிடம், "வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும், ஆனால் படிப்பவர்களுக்குத் தூக்கம் வரக் கூடாது" என்று நிபந்தனை போட்டுக் கேட்டார்கள். கல்லூரியின் வரலாற்றை முதல்வர் எழுதுவார். விடுதியின் வரலாற்றை நான் எழுதினால் பாதிப் பேர் விழாவுக்கே வரமாட்டார்கள்! ஆகவே எல்லாத் துறைக்கும் பொதுவான, எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத ஒரு வரலாற்றை எடுத்துக்கொண்டேன். மனத்துக்குப் பிடித்துப்போன ஒருவரிடம் முதல் வார்த்தையை எப்படிப் பேசுவது என்பதுதான் அது.

நான் இங்கே தமிழ் இலக்கியம் படித்தவன். 1980களில் எங்கள் வகுப்பில் முன் இரண்டு பெஞ்சு பெண்களுக்கு, மற்றவை எங்களுக்கு. இடையில் நாலடி தூரம் இருக்கும். அதைக் கடக்க மூன்று வருஷம் போதாமல் போனவர்கள் உண்டு. கடந்தவர்கள் எல்லாரும் கையாண்டது ஒரே வழிதான். "ஏங்க, நேத்து நடத்துன பாடத்தோட நோட்ஸ் இருக்கா?" கேட்டவன் நேற்று வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தான் என்பது அவளுக்கும் தெரியும். பக்கத்தில் இருந்த தோழிக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

இது ஏதோ எங்கள் காலத்துக் கண்டுபிடிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட பரம்பரை இதற்கு உண்டு.

மாணிக்கவாசகரின் திருக்கோவையாரில் 400 பாடல்கள். அதில் 'மதியுடம்படுத்தல்' என்று ஒரு பகுதி. தலைவியை முன்பே கண்டு மனத்தைப் பறிகொடுத்தவன், அவளும் தோழியும் தினைப்புனம் காக்கும் இடத்துக்கு வருகிறான். தன் கருத்தை இப்போது தோழிக்கும் குறிப்பால் உணர்த்த வேண்டும். நேராகச் சொல்ல வாய் வருமா? "என் அம்பு பட்ட யானை ஒன்று இந்தப் பக்கம் வந்ததா?" என்று ஆரம்பிக்கிறான். இந்தத் துறைக்குப் பெயரே 'வேழம் வினாதல்'. பதில் இல்லை. அடுத்து கலைமானைப் பற்றிக் கேட்கிறான். அதற்கும் பதில் இல்லை. பிறகு வழி கேட்கிறான், ஊர் கேட்கிறான், பெயர் கேட்கிறான். அதன்பின் வரும் துறையின் பெயர் 'மொழிபெறாது கூறல்'. ஒரு வார்த்தைகூடப் பதிலாகக் கிடைக்காமல் தானே பேசிக்கொண்டிருப்பது! நம்மில் பலர் அந்தத் துறையில் முனைவர் பட்டமே வாங்கியிருக்கிறோம்.

தோழி லேசுப்பட்டவள் இல்லை. 'வேட்டை வேட்டை என்கிறான், கையில் வில்லைக் காணோம், தழைதான் இருக்கிறது' என்று மனத்துக்குள் கணக்குப் போட்டு விஷயத்தைப் பிடித்துவிடுகிறாள். வகுப்பில் இருந்துகொண்டே நோட்ஸ் கேட்டவனைப் பார்த்துச் சிரித்தாளே, அந்தத் தோழிக்கு மூத்தவள் இவள்.

பொய் என்று எல்லாருக்கும் தெரிந்தும் இப்படி ஒரு பொய் எதற்கு? தமிழ் வகுப்பில் நான் படித்தபோது இதை வெறும் கவிதை மரபு என்றுதான் எடுத்துக்கொண்டேன். வயதான பிறகு யோசித்தால் ஒரு பெரிய நாகரிகம் தெரிகிறது. யானையைப் பற்றிக் கேட்டால் "தெரியாது" என்று சொல்லிவிட்டு அவள் போகலாம். யாருக்கும் அவமானம் இல்லை, சண்டை இல்லை. வந்தவனும் கௌரவமாகத் திரும்பலாம். கேட்கும்போதே மறுப்பதற்கு ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் கேட்கிறான்.

மறுப்பதற்கென்றே 'சேட்படை' என்று ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள் என்றால் பாருங்களேன். அவன் கொண்டுவந்த தழையைத் தோழி வாங்க மாட்டாள். "எங்கள் மலையில் இந்தத் தழை கிடையாது, வீட்டில் கேட்பார்கள்" என்று மறுப்பாள். "காவல் அதிகம்" என்பாள். குலத்தைச் சொல்லி மறுப்பாள். "நீயே போய்ச் சொல்லிக்கொள்" என்பாள். கேலி செய்து மறுப்பதற்கும் 'நகையாடி மறுத்தல்' என்று தனித் துறை இருக்கிறது. அவன் சளைக்காமல் வருகிறான் என்பதும், கிடைக்காவிட்டால் மடலேறுவேன் என்று மிரட்டுகிறான் என்பதும் உண்மை. அவற்றை இன்று நாம் பின்பற்ற முடியாது. ஆனால், 'வேண்டாம்' என்று சொல்வதற்கு இத்தனை விதம் வகுத்துப் பெயர் வைத்த சமுதாயம், அந்தச் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்த சமுதாயம் என்றே நான் கொள்கிறேன்.

கபிலர் பாடிய குறிஞ்சிக்கலியிலும் ஒரு சாக்கு வருகிறது. சிறுவயதில் மணல்வீட்டைக் காலால் கலைத்த பையன், வளர்ந்தபின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். குடிக்கத் தண்ணீர் வேண்டுமாம். கொண்டுவந்தவளின் கையைப் பற்றிவிட, அவள் அலறுகிறாள். அம்மா ஓடி வருகிறாள். "தண்ணீர் குடிக்கும்போது விக்கினான்" என்கிறாள் பெண்! கையைப் பற்றியது தவறுதான். ஆனால் அவனைக் காட்டிக்கொடுப்பதா, காப்பாற்றுவதா என்ற தீர்ப்பு அவள் கையில் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

தண்ணீர் என்றதும் வீட்டுக் கதை ஒன்று ஞாபகம் வருகிறது. அப்பா அம்மாவிடம் பேசிய முதல் வார்த்தை, கல்யாணத்துக்கு மறுநாள் சொன்ன "குடிக்கத் தண்ணி கொண்டா" என்பதுதானாம். பெண் பார்க்க வந்தபோது ஒரு வார்த்தை கிடையாது. அந்தத் தலைமுறையில் அனேகமாக எல்லா வீட்டிலும் இதே கதைதான். கபிலரின் தலைவனாவது கல்யாணத்துக்கு முன்னால் தண்ணீர் கேட்டான்!

இந்த நிலையைக் கல்லூரிகள்தான் மெல்ல மாற்றின. 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவைத் திறந்தது. 1914-இல் பெண்களுக்கென்றே ராணி மேரி கல்லூரி வந்தது. 1940-இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் பெண்கள் சேர்ந்தார்கள். தினைப்புனம் போய் வகுப்பறை வந்தது. யானை போய் நோட்ஸ் வந்தது. 1991-இல் 'இதயம்' படம் வந்தபோது, கடைசிவரை காதலைச் சொல்லத் தெரியாமல் தவிக்கும் மருத்துவ மாணவனாக முரளியைப் பார்த்துத் தியேட்டரில் விசும்பியவர்கள் எத்தனை பேர்! அவர்கள் எல்லாரும் 'மொழிபெறாது கூறல்' நிலையைக்கூட எட்டாதவர்கள்.

அதே தலைமுறையில் இன்னொரு வரலாறும் நடந்தது. வாய் திறக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்திலேயே, பதிலைக் கேட்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள். பஸ் ஸ்டாண்டிலும் கல்லூரி வாசலிலும் கும்பலாக நின்று சீண்டுவதற்கு 'ஜாலி' என்று பெயர் வைத்தார்கள். 1998 ஜூலையில் சென்னையில் ஆட்டோவில் வந்த கும்பலின் சீண்டலுக்கு ஆளான ஒரு கல்லூரி மாணவி உயிரையே இழந்தார். அதே ஆண்டு தமிழ்நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. முதலில் 'ஈவ் டீசிங்' என்றுதான் சட்டத்தின் பெயரிலேயே இருந்தது. 2002-இல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டுப் 'பெண் துன்புறுத்தல்' என்று மாற்றினார்கள். சரியான மாற்றம். விளையாட்டுப் பெயர் வைத்தால் குற்றமும் விளையாட்டாகத்தானே தெரியும்?

இன்று படிக்கும் தம்பி தங்கைகளே, உங்களுக்கு நோட்ஸ் கேட்க வேண்டிய அவசியமில்லை. வாட்ஸ்அப் குழுவில் நம்பர் இருக்கிறது, 'ஹாய்' அனுப்ப ஒரு விநாடி போதும். தங்கைகளும் முதலில் 'ஹாய்' சொல்கிறார்கள், நல்லது! ஆனால் இரண்டு நீலக் கோடு விழுந்தும் பதில் வரவில்லை என்றால், அதுவும் ஒரு பதில்தான். அதற்குமேல் இருபது 'ஹாய்' அனுப்புவது காதல் ஆகாது. பார்வைகள் ஒத்துப்போனால் வாய்ச்சொல்லே தேவையில்லை என்கிறார் வள்ளுவர், குறிப்பறிதல் அதிகாரத்தில். இரண்டு பக்கமும் ஒத்தால் என்பதுதான் அங்கே நிபந்தனை. நம் ஆட்கள் அந்த நிபந்தனையை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

யானையைப் பற்றிக் கேளுங்கள், தப்பில்லை. "இந்தப் பக்கம் வரவில்லையே" என்று பதில் வந்தால், "நன்றிங்க" என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பத் தெரிந்திருக்க வேண்டும். முதல் வார்த்தை பேசும் தகுதி அவனுக்குத்தான் உண்டு.

இந்த விழாவுக்கு, அன்று நோட்ஸ் கேட்டவரும் கொடுத்தவருமாகப் பேரப்பிள்ளைகளோடு வரும் தம்பதிகள் உண்டு. கேட்டும் கிடைக்காமல், இன்றுவரை நல்ல நண்பர்களாக இருப்பவர்களும் உண்டு. இரு தரப்பாருக்கும் என் வணக்கம். மதியச் சாப்பாட்டு வரிசையில் சந்திப்போம்!