கொங்கு நாட்டில் இசைத்தட்டும் கம்பியும்

இசைத்தட்டுக் கருவியில் ஊசியைத் தாங்கியிருக்கும் கைக்கு டோன் ஆர்ம் என்று பெயர். அதன் உள்ளே ஓடும் மெல்லிய கம்பிகள் ஊசியில் உருவாகும் மின் சைகையை ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டு செல்கின்றன. அந்தக் கம்பி செம்பா, வெள்ளியா, எவ்வளவு தூய்மையானது என்பதைப் பொறுத்து இசையின் தரம் மாறும் என்ற நம்பிக்கை ஹை-ஃபை ஆர்வலர்களிடம் பரவலாக உள்ளது. கோயம்புத்தூரும் அதைச் சூழ்ந்த கொங்கு வட்டாரமும் மின் மோட்டார், பம்ப்செட், நூற்பாலை ஆகியவற்றால் வளர்ந்தவை. செம்புக் கம்பியின் தரத்தைத் தொழிலாகவே அறிந்த வட்டாரம் இது. கிராமபோன், மைக் செட், ஸ்டீரியோ என்று இங்கே ஒலி கடந்துவந்த வழியைப் பார்த்தால், கம்பியின் உலோகம் எங்கே ஒலியை மாற்றுகிறது, எங்கே மாற்றுவதில்லை என்பது தெளிவாகும்.

கம்பி இல்லாத காலம்

தொடக்ககால கிராமபோனில் மின் கம்பி எதுவும் இல்லை. கைப்பிடியைச் சுற்றி வில்லை முறுக்கினால் தட்டு சுழலும். எஃகு ஊசியின் அதிர்வு மைக்கா தகட்டை அசைக்கும். அந்த ஒலி உள்ளீடற்ற குழாய் வழியாகக் கூம்புக்குச் செல்லும். ஒலியையே தாங்கிச் சென்ற குழாய் என்பதால்தான் அந்தக் கைக்கு ‘டோன் ஆர்ம்’ என்ற பெயர் வந்தது. பிற்காலத்தில் குழாய்க்குள் காற்றுக்குப் பதிலாகக் கம்பி வந்தபோதும் பெயர் மாறவில்லை.

கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் 1902-இல் கல்கத்தாவில் இந்திய இசையைப் பதிவு செய்தார். அதன்பின் இசைத்தட்டு வணிகம் நாடெங்கும் பரவியது. தமிழ் நாடக மேடையின் பாடகர்கள் இசைத்தட்டின் மூலம் ஊர் ஊராக அறியப்பட்டனர். அவர்களுள் முதன்மையானவர் 1908-இல் கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள். அவரும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் பாடிய தட்டுகளை அக்காலத்தில் பலர் கேட்டது வில் முறுக்கிய கருவிகளில்தான். 1925 முதல் மைக்ரோஃபோன் கொண்டு மின்முறையில் ஒலிப்பதிவு செய்வது வழக்கத்துக்கு வந்தது. வீட்டில் கேட்கும் கருவி அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் கம்பி இல்லாமலேயே இருந்தது.

மின்சாரத்தின் வருகை

கோவையில் 1914-இல் சாமிக்கண்ணு வின்சென்ட் வெரைட்டி ஹால் திரையரங்கைக் கட்டினார். அப்போது திரையிடப்பட்டவை மௌனப் படங்கள். 1931-இல் தமிழ் பேசும் படம் வந்தபின் திரையரங்குகளுக்கு வால்வு ஆம்ப்ளிஃபயரும் ஒலிபெருக்கியும் தேவைப்பட்டன. 1930-களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் திட்டத்திலிருந்து கோவைக்கு மின்சாரம் வந்தது. நூற்பாலைகள் பெருகின. சென்ட்ரல் ஸ்டுடியோ, பின்னர் பட்சிராஜா ஸ்டுடியோ ஆகியவற்றால் கோவை திரைப்படத் தயாரிப்பு மையமாகவும் ஆனது.

இதே காலகட்டத்தில் இசைத்தட்டுக் கருவியும் மின்மயமானது. டோன் ஆர்மின் முனையில் ‘பிக்கப்’ பொருத்தப்பட்டது. முதலில் வந்தவை காந்தமும் காயிலும் கொண்ட கனமான பிக்கப்புகள். 1930-களில் ரோஷல் உப்புப் படிகத்தால் ஆன கிரிஸ்டல் பிக்கப் வந்தது. படிகத்தை நெளித்தால் மின்னழுத்தம் உண்டாகும் என்பது இதன் அடிப்படை. மலிவானது. ஏறத்தாழ ஒரு வோல்ட் அளவுக்குச் சைகை தரக்கூடியது. ஆனால் ரோஷல் உப்பு ஈரத்தில் கரையும், 55 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் நிரந்தரமாகக் கெட்டுவிடும். வெயிலில் வைத்துவிட்ட கருவி ஊமையாவதற்கு இதுவே காரணம். பின்னர் வந்த செராமிக் பிக்கப்புகள் இந்தக் குறையைப் போக்கின. எச்.எம்.வி. ஃபியஸ்டா போன்ற கையடக்கப் பெட்டிக் கருவிகள் இவ்வகை மலிவான பிக்கப்புகளையே நம்பியிருந்தன.

இத்தகைய பிக்கப்பில் கம்பியின் உலோகத்துக்கு ஒலியில் பங்கே இல்லை எனலாம். சைகை வலுவானது, ஓடும் மின்னோட்டமோ மிகச் சொற்பம். கம்பி நீளமானால் அதன் மின்தேக்குத்திறன் கூடி ஒலியளவு சிறிது குறையும், அவ்வளவுதான்.

மைக் செட்டும் நீண்ட கம்பியும்

கொங்குச் சிற்றூர்களில் பெரும்பாலானோர் இசைத்தட்டைக் கேட்டது சொந்தக் கருவியில் அல்ல. திருமணம், சீர், மாரியம்மன் நோன்பி, காதுகுத்து ஆகியவற்றுக்கு வாடகைக்கு வந்த மைக் செட்டில்தான். தட்டு சுழலும் கருவி, ஆம்ப்ளிஃபயர், பேட்டரி அல்லது மின் இணைப்பு, மரத்திலோ கம்பத்திலோ கட்டிய கூம்பு ஒலிபெருக்கிகள் ஆகியவை சேர்ந்ததே மைக் செட். விழா வீட்டிலிருந்து ஊர் எல்லை வரை கம்பி இழுக்கப்படும்.

கம்பியின் உலோகம் உண்மையிலேயே ஒலியைத் தீர்மானித்த இடம் இதுதான். ஆம்ப்ளிஃபயரிலிருந்து 300 மீட்டர் தொலைவில் 16 ஓம் மின்தடை கொண்ட கூம்பு ஒலிபெருக்கி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். போகவும் வரவும் சேர்த்துக் கம்பியின் நீளம் 600 மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செம்புக் கம்பிக்கு மின்தடை சுமார் 10 ஓம். அனுப்பும் ஆற்றலில் நூற்றுக்கு 61 பங்கே ஒலிபெருக்கியை அடையும். அதே பருமனில் அலுமினியம் என்றால் ஏறத்தாழப் பாதி. இரும்புக் கம்பி என்றால் ஐந்தில் ஒரு பங்கு. மீதி முழுவதும் கம்பியைச் சூடாக்குவதில் வீணாகும்.

இதற்குக் கண்ட தீர்வு விலை உயர்ந்த உலோகம் அல்ல. தொலைதூர மின்சாரத்தை உயர் அழுத்தத்தில் அனுப்புவது போலவே ஒலியையும் அனுப்பினார்கள். ஆம்ப்ளிஃபயரில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் சைகையை 70 அல்லது 100 வோல்ட் அளவுக்கு உயர்த்தும். ஒலிபெருக்கியில் உள்ள சிறு டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தாழ்த்தும். 100 வோல்ட் முறையில் 30 வாட் ஒலிபெருக்கி கம்பிக்கு 333 ஓம் சுமையாகத் தெரியும். அதே 10 ஓம் செம்புக் கம்பியில் இழப்பு நூற்றுக்கு 3 மட்டுமே. பைக்காராவின் மின்சாரம் மலையிலிருந்து கோவைக்கு இறங்கியதும், பாட்டு ஊர் எல்லைக்குச் சென்றதும் ஒரே விதியின்படிதான்.

மோட்டார் நகரின் செம்பு

1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி. நாயுடுவும் இணைந்த முயற்சியில் இந்தியாவின் முதல் உள்நாட்டு மின் மோட்டார் கோவை பீளமேட்டில் உருவானது. அதைத் தொடர்ந்து மோட்டார், பம்ப்செட் தொழிற்கூடங்கள் பெருகின. எனாமல் பூசிய செம்புக் கம்பியைச் சுற்றுவது, எரிந்த காயிலைப் பிரித்து ரீவைண்டிங் செய்வது கொங்கு வட்டாரத்தின் பரவலான கைத்தொழில்களுள் ஒன்றாயின.

மோட்டாரில் கம்பியின் உலோகம் முக்கியமானது. அதில் பெரிய மின்னோட்டம் நீண்ட நேரம் ஓடுகிறது. அலுமினியத்தின் மின்தடை செம்பைப்போல் சுமார் 1.6 மடங்கு. அதே பருமனில் சுற்றினால் மோட்டார் கூடுதலாகச் சூடாகும். அலுமினியத்தின் மேல் படியும் ஆக்ஸைடு இணைப்புகளையும் பலவீனமாக்கும். எனவே ‘காப்பர் வைண்டிங்’ என்ற சொல் பம்ப்செட் வாங்கும் விவசாயிக்குத் தரத்தின் அடையாளம். நல்ல கம்பி என்றால் நல்ல கருவி என்ற எண்ணத்துக்கு இங்கே அனுபவ அடிப்படை உண்டு. இதே எண்ணத்தை டோன் ஆர்முக்குக் கொண்டுவரும்போதுதான் கணக்கு மாறுகிறது.

நான்கு கம்பிகள்

1950-களின் இறுதியில் ஸ்டீரியோ இசைத்தட்டு வந்தது. 1958-இல் ஷூர் நிறுவனம் எம்3டி என்ற ஸ்டீரியோ காந்த காட்ரிட்ஜை வெளியிட்டது. காந்த காட்ரிட்ஜின் சைகை சில மில்லிவோல்ட் மட்டுமே. நகரும் காயில் கொண்ட வகையில் அது ஒரு மில்லிவோல்ட்டிலும் குறைவு. கிரிஸ்டல் பிக்கப்போடு ஒப்பிட்டால் பல நூறு மடங்கு மெல்லியது. டோன் ஆர்முக்குள் இப்போது நான்கு கம்பிகள் ஓடின. இடப்பக்க ஒலிக்கு வெள்ளையும் நீலமும், வலப்பக்க ஒலிக்குச் சிவப்பும் பச்சையும் என்பது பொது வழக்கு. உலோகக் கையை எர்த்துடன் இணைக்கத் தனிக் கம்பியும் சேர்ந்தது.

சைகை இவ்வளவு மெல்லியதாக ஆனதும் கம்பியைப் பற்றிய கவலை பிறந்தது. ஆக்ஸிஜன் நீக்கிய செம்பு ஹை-ஃபை விளம்பரங்களில் இடம்பிடித்தது. ஜப்பானின் சிபா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அட்சுமி ஓனோ உருவாக்கிய தொடர் வார்ப்பு முறையால், படிக எல்லைகள் மிகக் குறைந்த செப்புக் கம்பி சாத்தியமானது. ஆடியோ நோட் நிறுவனத்தை ஜப்பானில் தொடங்கிய ஹிரோயாசு கோண்டோ வெள்ளிக் கம்பிக்காகப் பெயர்பெற்றார்.

வெள்ளியா, செம்பா

உலோகங்களின் மின்கடத்தலை ஒப்பிட 1913-இல் ஓர் அனைத்துலக அளவுகோல் ஏற்கப்பட்டது. பதப்படுத்திய செம்பின் கடத்தல் 100 என்று கொள்ளப்பட்டது. அந்த அளவில் வெள்ளி ஏறத்தாழ 106. ஆக்ஸிஜன் நீக்கிய செம்பு சுமார் 101. சாதாரண மின்கம்பிச் செம்பும் 100-ஐ ஒட்டியதே.

0.1 மில்லிமீட்டர் விட்டமும் 30 சென்டிமீட்டர் நீளமும் உள்ள செம்புக் கம்பிக்கு மின்தடை ஏறத்தாழ 0.66 ஓம். வெள்ளியில் அது 0.62 ஓம். காந்த காட்ரிட்ஜ் இணைக்கப்படும் ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டு மின்தடை 47,000 ஓம். இவ்வளவு பெரிய எண்ணுக்கு முன் 0.04 ஓம் வேறுபாட்டுக்குப் பொருளில்லை. 100 ஓம் சுமையில் இயங்கும் நகரும் காயில் காட்ரிட்ஜிலும், போகவும் வரவுமாகச் சேர்த்து, வெள்ளியால் கிடைக்கும் கூடுதல் ஒலியளவு டெசிபெலில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. உயர் அதிர்வெண்களில் மின்னோட்டம் கம்பியின் புறப்பரப்பில் மட்டும் ஓடும் என்ற வாதமும் இங்கே செல்லாது. 20,000 ஹெர்ட்ஸில்கூடச் செம்பில் மின்னோட்டம் சுமார் 0.46 மில்லிமீட்டர் ஆழம் வரை பரவுகிறது. டோன் ஆர்ம் கம்பியோ அதைவிட மெல்லியது.

ஒலியை மாற்றுபவை

கம்பியை மாற்றியபின் ஒலி மாறியதாகச் சொல்பவர்கள் அனைவரும் கற்பனை செய்கிறார்கள் என்று இதற்குப் பொருளில்லை. கம்பியோடு சேர்ந்து வேறு சில மாறுகின்றன.

முதலாவது மின்தேக்குத்திறன். காந்த காட்ரிட்ஜின் காயிலும் கம்பியின் மின்தேக்குத்திறனும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வை உண்டாக்கும். காயிலின் தூண்டம் அரை ஹென்றி என்றால், மொத்தத் தேக்குத்திறன் 150 பிகோஃபாரடாக இருக்கும்போது அந்த அதிர்வு 18,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கும். 300 பிகோஃபாரடானால் 13,000 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். தாளத்தின் கிணுகிணுப்பும் வயலினின் கூர்மையும் மாறியதாகக் காதுக்குத் தெரியும். இது கம்பியின் நீளம், உறை, ஷீல்டு ஆகியவற்றால் வருவது. உலோகத்தால் அல்ல.

இரண்டாவது நெகிழ்வு. ஊசி தட்டின் மேல் ஒன்றரை, இரண்டு கிராம் எடையில் நகர்கிறது. விறைப்பான கம்பி டோன் ஆர்மின் சுழல் முனையில் முறுக்கினால் கை தடையின்றி நகராது. அதனால்தான் எனாமல் பூசிய மெல்லிய இழைகள் பலவற்றைச் சேர்த்து முறுக்கிய கம்பி பயன்படுகிறது.

மூன்றாவது ஷீல்டும் எர்த்தும். இவை சரியில்லை என்றால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ‘ம்ம்’ என்ற இரைச்சல் பாட்டின் பின்னணியில் ஒட்டிக்கொள்ளும்.

நான்காவது இணைப்பு. பழைய கருவிகளில் காட்ரிட்ஜின் முள்ளைக் கவ்வும் சிறு கிளிப்புகள் களிம்பேறித் தளர்ந்திருக்கும். ஈயப் பற்று வெடித்திருக்கும். புதுக் கம்பி போடும்போது இவை அனைத்தும் சுத்தமாகிப் புதிதாகின்றன. தெளிவு கூடுவது இதனால் என்றாலும் புகழ் வெள்ளிக்குப் போகிறது. எந்தக் கம்பி ஓடுகிறது என்று கேட்பவருக்குத் தெரியாதவாறும், ஒலியளவைச் சமமாக்கியும் ஒப்பிட்டால்தான் உலோகத்தின் பங்கைத் தனியாக அறிய முடியும்.

இன்றைய நிலை

1980-களில் ஒலிநாடா இசைத்தட்டின் இடத்தைப் பிடித்தது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை பொதுவெளியில் ஒலிபெருக்கி பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தின. பழைய தட்டுகளைச் சேகரித்துக் கேட்போர் இன்றும் உள்ளனர். அவர்கள் கைக்கு வரும் கருவிகளில் டோன் ஆர்ம் கம்பி அறுந்திருப்பது அடிக்கடி காணும் பழுது. மயிரிழை போன்ற எனாமல் கம்பியைச் சுரண்டி, சூடு மிகாமல் பற்றவைத்து, கை தடையின்றி நகரும்படி வளைவு விட்டுக் கட்டத் தெரிந்தால் அந்தக் கருவி மீண்டும் பாடும். அதற்குச் சாதாரண செம்புக் கம்பி போதும். வெள்ளிக் கம்பிக்கான பணத்தில் தேய்ந்த ஊசியை மாற்றினால் ஒலியில் வரும் வேறுபாடு எவர் காதுக்கும் கேட்கும். தட்டுகளும் பள்ளம் தேயாமல் அடுத்த தலைமுறைக்கு மிஞ்சும்.